எஸ்போசிட்டோ: குடும்பமே இல்லாமல் பிறந்த குடும்பப்பெயர்

இத்தாலியக் குடும்பப்பெயர்களை எண்ணிக்கைவாரியாக அடுக்கினால் முதலில் ரோஸ்ஸி வரும். அடுத்து ரூஸ்ஸோ, ஃபெர்ராரி, எஸ்போசிட்டோ, பியான்கி என்று பட்டியல் நீளும். இந்த ஐந்தில் நான்குக்கு விளக்கம் சுலபம். ரோஸ்ஸி என்றால் செம்முடிக்காரரின் வழிவந்தவர். ரூஸ்ஸோ அதன் தென்னித்தாலிய வடிவம். பியான்கி, வெளுத்தவர். ஃபெர்ராரி, கொல்லர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு செம்முடிக்காரராவது இருந்திருப்பார்; கொல்லுப்பட்டறை இல்லாத ஊரே கிடையாது. அதனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான ஊர்களில் இப்பெயர்கள் தனித்தனியே முளைத்துப் பெருகின. எஸ்போசிட்டோ மட்டும் இந்த வரிசையில் ஒட்டாமல் நிற்கிறது. அது நிறமும் அல்ல, தொழிலும் அல்ல, தகப்பன் பெயரும் அல்ல, ஊர்ப்பெயரும் அல்ல. பெரும்பாலும் ஒரே நகரத்தில், ஒரே கட்டடத்தின் சுவரில் இருந்த ஒரு துளை வழியாக உலகுக்குள் வந்த பெயர் அது.

இத்தாலியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்கள் இருக்கின்றன. பெயர்கள் இப்படிச் சிதறிக் கிடப்பதால் முதலிடத்தில் உள்ள ரோஸ்ஸிகூட மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டைத் தொடுவதில்லை. அப்படிப்பட்ட நாட்டில் நான்காம் இடம் என்பது சின்ன விஷயம் அல்ல. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த எண்ணிக்கை எங்கே குவிந்திருக்கிறது என்பது. ரோஸ்ஸி வடக்கிலும் நடுப்பகுதியிலும் விரவிக் கிடக்கிறது. எஸ்போசிட்டோ அப்படி அல்ல. நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட காம்பானியா மாநிலத்தில் அது திரண்டு நிற்கிறது. நேப்பிள்ஸ் நகரில் அதுவே முதல் பெயர். அங்கிருந்து விலக விலக மெலிகிறது. மிலானிலும் டூரினிலும் இன்று எஸ்போசிட்டோக்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களில் பெரும்பாலோர் 20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை வேலை தேடி ரயிலேறி வடக்கே போன தெற்கத்தியரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

நேப்பிள்ஸின் பழைய நகரில் ஃபோர்ச்செல்லா என்றொரு நெரிசலான பகுதி உண்டு. அங்கே அன்னுன்ஸியாத்தா என்ற கோயிலும் அதை ஒட்டிய பழைய மருத்துவமனைக் கட்டடங்களும் இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கி, கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்த அறநிலையம் இது. மரியாவுக்கு வானதூதர் மங்கல வார்த்தை சொன்ன நிகழ்வின் பெயரைத் தாங்கியது. இன்று காணும் கோயில், 1757ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பிறகு கட்டடக் கலைஞர் லூயிஜி வன்வித்தெல்லி தொடங்கி, அவர் மகன் கார்லோ முடித்தது. மன்னர்களும் பிரபுக்களும் எழுதிவைத்த சொத்துகளால் அன்னுன்ஸியாத்தா ஒரு காலத்தில் பெரும் செல்வ நிலையமாக இருந்தது. 1587இல் சொந்தமாக வங்கியே தொடங்கியது. 1702இல் அந்த வங்கி திவாலானது. அனாதைக் குழந்தைகளை வளர்க்கும் இடத்துக்கு வங்கி எதற்கு என்று தோன்றலாம். வந்து விழுந்த குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

அன்னுன்ஸியாத்தாவின் சுவரில் இருந்ததை இத்தாலியர் 'ரூவோத்தா', அதாவது சக்கரம், என்பார்கள். நம் கண்ணுக்கு அது சக்கரம்போல இராது. நிமிர்த்தி வைத்த மரப்பீப்பாய் ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டித் திறந்து, நடு அச்சில் சுழலும்படி சுவருக்குள் பொருத்தியதுபோல் இருக்கும். திறந்த பக்கம் தெருவை நோக்கி இருக்கும்போது குழந்தையை உள்ளே கிடத்த வேண்டும். சுற்றினால் குழந்தை சுவருக்கு அந்தப்பக்கம் போய்விடும். மணி அடிக்கும். உள்ளே இரவு பகலாகக் காவலிருக்கும் பெண் வந்து எடுத்துக்கொள்வாள். 'ரோத்தாரா' என்று அவளுக்குப் பெயர். வைத்தவர் முகத்தை எடுத்தவரும், எடுத்தவர் முகத்தை வைத்தவரும் பார்க்க வேண்டியதில்லை. இந்தச் சாதனத்தின் முழு நோக்கமும் அதுதான்.

நேப்பிள்ஸில் அந்தச் சுழல்தொட்டிலை இன்றும் பார்க்கலாம். உள்ளே இருக்கும் அறையில், வந்த குழந்தையைக் கழுவிய கல்தொட்டியும் இருக்கிறது. குழந்தையின் வயதைக் கண்மதிப்பில் குறித்துக்கொண்டு, நாள், நேரம், உடுத்தியிருந்த துணி, உடம்பில் அடையாளம், கூட வந்த சீட்டு, தாயத்து எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகியிருக்குமோ என்னவோ என்ற ஐயத்தால், 'ஆகாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். கழுத்தில் மாதாவின் உருவம் பொறித்த ஈய வில்லை தொங்கும். கைக்குழந்தைகளுக்கென்றே துளையைச் சிறிதாக வைத்திருந்தார்களாம். வளர்ந்த பிள்ளையையும் உள்ளே தள்ள வேண்டிய நிலையில் இருந்த தாய்மார் உடம்பெல்லாம் எண்ணெய் தடவித் திணித்தார்கள் என்று நேப்பிள்ஸில் இன்றும் சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் கைக்குழந்தைகள் மட்டும்தான் வந்தன என்று நினைக்காமலிருக்க இந்தக் கதை உதவும்.

பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட சொல்தான் 'எஸ்போசிட்டோ'. 'எக்ஸ்போசித்துஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. வெளியே வைக்கப்பட்டவன் என்று பொருள். தொடக்கத்தில் அது குடும்பப்பெயர் அல்ல, வெறும் நிலைக்குறிப்பு. 'அந்தோனியோ, எஸ்போசிட்டோ' என்று ஓர் எழுத்தர் எழுதினால் அந்தோனியோ எப்படி வந்தான் என்பதைச் சொல்கிறார், அவ்வளவே. குறிப்பு பெயராக இறுகியதற்குக் காரணம் திருச்சபையின் காகிதப் பழக்கம். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் முடிந்தபோது, ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் ஒவ்வொரு பங்கிலும் பதிவேடு வைத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்தோனியோ வளர்ந்து கல்யாணம் செய்யும்போது பங்குத்தந்தை குடும்பப்பெயர் கேட்பார். சொல்ல வேறு எதுவும் இல்லை. பதிவேட்டில் உள்ளதுதான் பெயர். அவன் பிள்ளைகள் வெளியே வைக்கப்பட்டவர்கள் அல்ல. தாய்தகப்பன் மடியில் பிறந்தவர்கள். ஆனாலும் அவர்களும் எஸ்போசிட்டோதான். ஒருவனுடைய பிறப்பின் விவரம் அவனுக்குப் பின்வந்த எல்லோருக்கும் சொத்தாக எழுதிவைக்கப்பட்டது இப்படித்தான்.

குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் யார்? மணமாகாத தாய்மார் என்பது பாதி விடைதான். கத்தோலிக்க இத்தாலியில் குழந்தை கைவிடப்பட்ட வரலாற்றை ஆராய்ந்த டேவிட் கெர்ட்சர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1993இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறார். வடக்கு ஐரோப்பாவின் புராட்டஸ்டண்ட் நாடுகளில், மணவுறவுக்கு வெளியே குழந்தை பிறந்தால் தகப்பன் யார் என்று தேடிப்பிடித்துப் பிள்ளைச்செலவைக் கட்டவைக்க முயன்றார்கள். இத்தாலியிலோ தகப்பனை யாரும் தேடவில்லை. பெண்ணின் மானத்தையும் அவள் வீட்டாரின் மானத்தையும் காப்பது என்ற பெயரில் குழந்தையை அப்புறப்படுத்தினார்கள். மருத்துவச்சியும் பங்குத்தந்தையும் சேர்ந்தே அதைச் செய்ய வைத்தார்கள். பல இடங்களில் தாய்க்கு வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்கக்கூட இல்லை. ஆக, அந்தப் பதிவேடுகளில் இல்லாமல் போனது தாயின் பெயர் மட்டுமல்ல. தகப்பனுக்கு முழுமையான விடுதலை கொடுத்த ஏற்பாடு அது.

மறுபாதி விடை வறுமை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மிலான் நகரில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காப்பகத்துக்குப் போனது. அவற்றில் பெருந்தொகை மணமான தம்பதிகளின் குழந்தைகள். வேலைக்குப் போகும் தாய்க்குப் பாலூட்ட நேரமில்லை. காப்பகமோ செவிலித்தாய்க்குச் சம்பளம் கொடுத்து வளர்க்கும். சில ஆண்டுகள் கழித்து மீட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கோடு விட்டவர்கள் பலர். மீட்பதற்கு ஆதாரம் வேண்டுமே என்று ஒரு நாணயத்தை, பதக்கத்தை, படத்தைப் பாதியாக வெட்டி ஒரு துண்டைக் குழந்தையின் துணியில் தைத்துவிட்டு மறுதுண்டைத் தாம் வைத்துக்கொண்டார்கள். ஃபிளாரன்ஸ் நகரின் இன்னொசெந்தி காப்பக அருங்காட்சியகத்தில் இத்தகைய துண்டுகள் சிறுசிறு இழுப்பறைகளில் இருக்கின்றன. ஒவ்வோர் இழுப்பறையின்மேலும் ஒரு குழந்தையின் பெயர். உள்ளே பாதி நாணயம், அறுந்த மணிமாலை, வெட்டிய பதக்கம். அங்கே ஒரு துண்டு இன்னும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அதன் மறுபாதி திரும்பி வரவில்லை என்று பொருள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் குழந்தைகளில் மிகப் பலர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. புட்டிப்பால் பாதுகாப்பாகக் கிடைக்காத காலம் அது. கிராமங்களிலிருந்து கூடையில் வைத்துத் தூக்கிவரும்போதே சில இறந்தன. செவிலித்தாய் அமையும் முன்பு பல இறந்தன. இன்று காணும் எஸ்போசிட்டோக்கள் பிழைத்தவர்களின் வழியினர் மட்டுமே. அதிலும் ஆண்வழி மட்டுமே. பிழைத்த பெண்குழந்தைகள் அன்னுன்ஸியாத்தா கொடுத்த சீதனத்தோடு மணமாகிப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தகப்பன் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே நேப்பிள்ஸில் ஒரு ரூஸ்ஸோவின் கொள்ளுப்பாட்டியும் சுழல்தொட்டில் வழியாக வந்தவளாக இருக்கலாம். பெயர்க் கணக்கு காட்டுவதைவிட உண்மையான வழித்தோன்றல்களின் கூட்டம் மிகப் பெரிது.

அப்படியானால், கைவிடும் வழக்கம் இத்தாலி முழுக்க இருந்தும் எஸ்போசிட்டோ மட்டும் ஏன் இவ்வளவு பெருகியது? மற்ற நகரங்களோடு வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

சுழல்தொட்டிலின் தொடக்கத்தை ரோமாபுரியில் சொல்வது மரபு. டைபர் நதியில் மீனவர்கள் வலை இழுத்தால் மீனுக்குப் பதிலாகக் குழந்தைகளின் உடல்கள் வந்தன என்றும், அதைக் கேட்டு மனம் நொந்த போப் மூன்றாம் இன்னொசென்ட், சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையில் முதல் தொட்டிலை வைக்கச் செய்தார் என்றும் கதை. அவர் 1198இல் பதவியேற்றவர். ரோமாபுரியிலும் அதைச் சுற்றிய லாட்சியோ, உம்பிரியா பகுதிகளிலும் இக்குழந்தைகளுக்குக் கிடைத்த பெயர் புரோயெத்தி. 'எறியப்பட்டவர்' என்று பொருள். எஸ்போசிட்டோவைவிடக் கடுமையான சொல். ஃபிளாரன்ஸில் பட்டு வணிகர் சங்கம் 1419இல் கட்டத் தொடங்கிய காப்பகத்தை வடிவமைத்தவர் புரூனெல்லெஸ்கி. மறுமலர்ச்சிக் கட்டடக்கலை அந்தத் தூண்வரிசையில்தான் தொடங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. அதன் வளைவுகளுக்கு நடுவே நீல வட்டங்களில் துணி சுற்றிய குழந்தைகளின் சுடுமண் உருவங்களைப் பின்னர் செய்து பதித்தவர் அந்திரேயா டெல்லா ராப்பியா. 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. அன்று புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் அவளுக்கு ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளை நினைத்து வைத்த காப்பகப் பெயர் இன்னொசெந்தி. அதிலிருந்து கிளைத்த இன்னொசெந்தி, தெல்யின்னொசெந்தி, நொசெந்தீனி ஆகியவை இன்றும் டஸ்கனியின் குடும்பப்பெயர்கள். அறிந்தோ அறியாமலோ ஃபிளாரன்ஸ்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். குழந்தைக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் குழந்தையின் இயல்பைச் சொன்னார்கள்.

மிலானின் கதை வேறு மாதிரி. 1456இல் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா பிரபு நிறுவிய பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. அங்கே வளர்ந்த குழந்தைகள் கொலம்போ ஆனார்கள். இத்தாலிய மொழியில் புறாவுக்கு அதுதான் பெயர். நம் கொழும்பு நகரத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மிலான் வட்டாரத்தில் இன்று மிகப் பரவலான பெயர்களில் ஒன்றான கொலம்போ இத்தாலி அளவில் ஏழாம் இடத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். புறா வளர்த்தவர், புறா விற்றவர், கொலம்போ என்ற ஞானஸ்நானப் பெயர் வைத்தவரின் மகன் எல்லோரும் அதே குடும்பப்பெயரைப் பெற முடியும். அமெரிக்காவுக்குக் கப்பலோட்டிய ஜெனோவாக்காரரும் கொலம்போதான்; அவருக்கும் மிலான் மருத்துவமனைக்கும் தொடர்பில்லை. ஆகவே ஒரு கொலம்போவைப் பார்த்து 'உன் மூதாதை காப்பகக் குழந்தை' என்று சொல்லிவிட முடியாது. எஸ்போசிட்டோவுக்கு அந்த மறைவிடம் இல்லை.

வெனிஸில் 1346இல் தோன்றிய பியெத்தா காப்பகம் தன் பெண்களைப் பாடகிகளாகவும் இசைக்கலைஞர்களாகவும் வளர்த்தது. அந்தோனியோ விவால்டி அங்கேதான் ஆசிரியராக இருந்தார். அவருடைய பல வயலின் கச்சேரிகள் இந்தப் பெண்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. வாசித்த கருவியே பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவே கேட்டு வியந்த அன்னா மரியா 'தல் வியோலின்' அப்படி வந்தவர். குடும்பப்பெயர் வேண்டாம், வாசிப்பே போதும் என்று நிற்கக்கூடிய நிலை அந்த ஒரு காப்பகத்தில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பொலோன்யாவில் 'தெல்யி எஸ்பொஸ்தி', சிசிலியில் 'கண்டெடுக்கப்பட்டவர்' எனப் பொருள்படும் திரொவாத்தோ என்று பட்டியல் இன்னும் நீளும்.

இப்போது விடைக்கு வரலாம். வடக்கிலும் நடுவிலும் பல நகர அரசுகள், பல காப்பகங்கள், பல பெயர்கள். தெற்கிலோ நேப்பிள்ஸ் என்ற ஒரே மாபெரும் தலைநகரம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று அது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் குழந்தைகள் எல்லாம் அந்த ஒரே வாசலுக்கு வந்தன. அங்கே பெயர் வைத்த முறையும் ஒன்றே ஒன்று. அது தலைமுறை தலைமுறையாக மாறாமல் நடந்தது. சுற்றியிருந்த சிறு ஊர்களும் தலைநகரின் வழக்கத்தையே பின்பற்றின. நேப்பிள்ஸை 1503 முதல் இரு நூற்றாண்டுகள் ஆண்ட ஸ்பெயின் நாட்டிலும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு எக்ஸ்போசிட்டோ என்றே பெயர் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு பெயர் பெருகுவதற்கு இதைவிடச் சாதகமான சூழலை யாரும் திட்டமிட்டு உருவாக்க முடியாது. எஸ்போசிட்டோவின் பரவல் ஒரு குடும்பம் கிளைத்துப் படர்ந்ததன் விளைவு அல்ல. ஒரு நிர்வாகம் ஒரே முத்திரையைக் குத்திக்கொண்டே இருந்ததன் விளைவு. 'எஸ்போசிட்டோ குடும்பம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வியே பிழை. அப்படி ஒரு குடும்பம் கிடையாது.

மரபியல் ஆய்வாளர்களுக்கு இது வெறும் வரலாற்றுத் தகவல் அல்ல, நடைமுறைத் தலைவலி. குடும்பப்பெயர் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஒய் குரோமோசோமும் அப்படியே போகிறது. ஆகவே பெயரை வைத்தே உறவை ஓரளவு கணிக்கலாம் என்பது பழைய யோசனை. சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் 1875இலேயே, ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்களின் திருமணங்களை எண்ணி, இங்கிலாந்தில் நெருங்கிய உறவில் மணம் செய்தவர்கள் எவ்வளவு என்று கணக்கிட்டார். இத்தாலியில் லூயிஜி லூக்கா கவல்லி-ஸ்ஃபோர்ஸாவும் அவருடைய சகாக்களும் பார்மா பள்ளத்தாக்கின் பங்குப் பதிவேடுகளிலிருந்து தொடங்கித் தொலைபேசிக் கையேடுகள்வரை குடும்பப்பெயர்களை இதற்காகப் பயன்படுத்தினார்கள். இந்த முறையின் அடிப்படை ஊகம் ஒன்றுதான்: ஒரே பெயருடையவர்களுக்கு எப்போதோ ஒரு பொது மூதாதை இருந்திருப்பார். நேப்பிள்ஸில் ஓர் எஸ்போசிட்டோ இன்னோர் எஸ்போசிட்டோவை மணந்தால் சூத்திரம் அவர்களைச் சொந்தக்காரர்கள் என்று கணக்கிடும். உண்மையில் அவர்களுடைய முன்னோர்கள் ஒரே தொட்டிலில், வெவ்வேறு இரவுகளில், வெவ்வேறு கைகளால் வைக்கப்பட்டவர்கள். ரோஸ்ஸியிலும் ஃபெர்ராரியிலும் இதே குழப்பம் உண்டு; ஆனால் ஒரே நகரத்துக்குள் இவ்வளவு அடர்த்தியாக இல்லை.

இந்தப் பெயர்வைப்பை நிறுத்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நெப்போலியனின் தங்கை கணவரும் குதிரைப்படைத் தளபதியுமான ஜோவாஷிம் மூரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸின் மன்னராக இருந்தார். அவர் காலத்தில், 1809இல், பிறப்பு இறப்புப் பதிவு கோயிலிலிருந்து அரசின் கைக்கு வந்தது. 1814இல் இனிமேல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ என்று வைக்கக் கூடாது என்று அவர் ஆணையிட்டார். மிலானிலும் 1825இல் கொலம்போ நிறுத்தப்பட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் பெயர் இல்லாமல் விட முடியாதே. தினம் தினம் வரும் குழந்தைகளுக்குத் தினம் தினம் புதுப்பெயர் கண்டுபிடிக்கும் வேலை எழுத்தர்களின் தலையில் விழுந்தது. வந்த கிழமை, வந்த மாதம், அன்றைய புனிதர், கண்ணில் பட்ட பொருள், வாயில் வந்த அசைகள் எல்லாம் பெயராயின. ஒரே பெயரைத் தாங்கிய பெருங்கூட்டத்தின் இடத்தில், ஆளுக்கொரு பெயர் தாங்கிய தனியர்கள் வந்தார்கள். எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோவின் தாத்தா ஒரு காப்பகக் குழந்தை. 'வானத்திலிருந்து அளிக்கப்பட்டவன்' என்று பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஓர் அதிகாரி வைத்த பெயரே எக்கோ என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டுவந்த கதை. 1814க்குப் பிந்திய தென்னித்தாலியக் காப்பகக் குழந்தைகளின் வழியினரை இன்று பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது இதனால்தான் கடினம். எஸ்போசிட்டோ என்ற பெயர் பெரும்பாலும் மூராவுக்கு முந்தைய காலத்தின் கணக்கு.

தடை வந்துவிட்டதே தவிர, தொட்டில் ஓயவில்லை. முதலில் ஃபெராரா நகரம் 1867இல் தன் சுழல்தொட்டிலை மூடியது, மிலான் 1868இல், நேப்பிள்ஸும் ஃபிளாரன்ஸும் 1875இல். நாடு முழுவதும் சட்டப்படி ஒழிந்தது 1923இல்தான். பெயரின் விஷயத்தில் சட்டம் அதைவிட மெதுவாக நடந்தது. பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதன் பிறப்பின் நிலையைக் காட்டும் பெயரோ குடும்பப்பெயரோ வைக்கக் கூடாது என்று 1939ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டம் சொன்னது. ஆனால் சான்றிதழ்களில் தகப்பன் பெயர் கேட்கும் இடத்தில் 'என். என்.' என்ற இரண்டு எழுத்துகள் நின்றன. 'பெயர் அறியேன்' என்பதன் இலத்தீன் சுருக்கம். பள்ளியில் சேர, வேலைக்கு மனுப்போட, கல்யாணத்துக்குப் பதிய, எங்கே போனாலும் அந்த இரண்டு எழுத்துகள் கூடவே போயின. தாய்தகப்பன் பெயரைப் பொது ஆவணங்களில் கேட்பதையே நீக்கிய சட்டம் 1955இல் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. எஸ்போசிட்டோ என்ற பெயரை எடுத்துவிட்டு 'என். என்.' என்று எழுதியவர்கள் எந்த விதத்தில் மேம்பட்டவர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எஸ்போசிட்டோவாவது ஊரோடு ஒத்த பெயர்.

ஊரோடு ஒத்துப்போனது என்பது சும்மா சொல்லும் வார்த்தை அல்ல. ஒரு தெருவில் ஒருவர் மட்டும் அந்தப் பெயரோடு இருந்தால் அது விரல் நீட்டும் பெயர். தெருவே அந்தப் பெயராக இருந்தால் யார் யாரை நோக்கி விரல் நீட்டுவது? இகழ்ச்சியை அழித்தது சீர்திருத்தச் சட்டம் அல்ல, எண்ணிக்கை என்பதே என் முடிவு. ஸ்பெயினில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே மன்னர் நான்காம் கார்லோஸ் 1794இலேயே கைவிடப்பட்ட குழந்தைகளை வசைச்சொல்லால் அழைப்பது தண்டனைக்குரியது என்று ஆணையிட்டார். 1921இல் எக்ஸ்போசிட்டோ என்ற பெயரை எளிதாக மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள், பலர் மாற்றிக்கொண்டார்கள். நேப்பிள்ஸிலோ எஸ்போசிட்டோ அந்த நகரத்துச் சராசரி மனிதனின் பெயராகிவிட்டது. நகரின் பாதுகாவலரான புனித ஜென்னாரோவின் பெயரையும் இதையும் சேர்த்து 'ஜென்னாரோ எஸ்போசிட்டோ' என்றால், அசல் நேப்பிள்ஸ்காரன் என்று எல்லோருக்கும் புரியும். அன்னுன்ஸியாத்தாவின் குழந்தைகளை 'மாதாவின் பிள்ளைகள்' என்று மக்கள் அழைத்துவந்ததும் இந்த மாற்றத்துக்குத் துணைபோயிருக்க வேண்டும்.

பெயரைத் தாங்கியவர்களில் உலகம் அறிந்த முதல் ஆள் ஒரு பீட்ஸாக் கடைக்காரர். 1889இல் அரசி மார்கரித்தா நேப்பிள்ஸுக்கு வந்தபோது தக்காளி, மொட்சரெல்லா பாலாடைக்கட்டி, துளசி வகை இலை மூன்றையும் இட்டு ரஃபாயெலே எஸ்போசிட்டோ செய்துகொடுத்ததுதான் மார்கரித்தா பீட்ஸா என்பது வழக்கமான கதை. அரண்மனையிலிருந்து வந்ததாகக் காட்டப்படும் நன்றிக் கடிதத்தை வரலாற்றாய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சேர்மானமும் அவருக்கு முன்பே நேப்பிள்ஸில் இருந்ததுதான். கடை இன்று அவர் மனைவி வீட்டாரின் குடும்பப்பெயரான பிராந்தி என்பதோடு நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லட்சக்கணக்கில் தெற்கத்தியர் கப்பலேறியபோது எஸ்போசிட்டோவும் நியூயார்க்குக்கும் புவனஸ் ஐரஸுக்கும் போனது. கனடாவில் பிறந்து 1970–71 பருவத்தில் பாஸ்டன் அணிக்காக 76 கோல் அடித்த ஐஸ் ஹாக்கி வீரர் ஃபில் எஸ்போசிட்டோவும், 'பிரேக்கிங் பேட்' தொடரில் மிரட்டிய நடிகர் ஜான்கார்லோ எஸ்போசிட்டோவும் அந்த வழியில் வந்தவர்கள். பின்னவரின் தகப்பனார் நேப்பிள்ஸ்காரர். கடல் கடந்த இடத்தில் இந்தப் பெயரின் பொருள் யாருக்கும் தெரியாது. இத்தாலியப் பெயர் என்பதோடு சரி.

கடல் கடந்த இடத்தில்தான் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. குடும்பச் சின்னம் விற்கும் கடைகள் எஸ்போசிட்டோவுக்கும் ஒரு கேடயம், ஒரு சிங்கம், ஒரு கிரீடம் வரைந்து சட்டமிட்டு விற்கின்றன. வாங்கிச் சுவரில் மாட்டுகிறவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் எவனோ ஒரு பிரபுவின் சின்னத்தைக் காட்டி அதைக் குலப்பெருமை என்பது, அந்தத் துளை வழியாக வந்து உயிர்பிழைத்த குழந்தைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இன்றைய இத்தாலியிலும் ஒரு பெண் மருத்துவமனையில் பிரசவித்துத் தன் பெயரைப் பதிய வேண்டாம் என்று சொல்லலாம், சட்டம் அனுமதிக்கிறது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், 2013இல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றமும் தலையிட்ட பிறகு, வளர்ந்த பிள்ளை நீதிமன்றத்தின் வழியாகத் தாயை ரகசியமாக அணுகி, 'இப்போதாவது வெளிப்பட விருப்பமா?' என்று கேட்க வழி பிறந்திருக்கிறது. அப்படிப் பிறந்த குழந்தைக்குப் பதிவு அதிகாரிதான் பெயர் வைக்கிறார். 2000ஆம் ஆண்டின் குடிமைப் பதிவு விதிகள் அவருக்கு இரண்டு தடைகளைப் போட்டிருக்கின்றன: பிறப்பின் நிலையைக் காட்டும் பெயர் கூடாது, வரலாற்றுப் புகழ்பெற்ற குடும்பத்தின் பெயரோ, அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பத்தின் பெயரோ கூடாது.

எஸ்போசிட்டோ என்ற பெயருள்ள யாராவது தம் முன்னோரைத் தேட விரும்பினால், சின்னம் விற்கும் கடைக்குப் போக வேண்டாம். 1809க்குப் பிந்திய குடிமைப் பதிவேடுகள் பெருமளவு இத்தாலிய அரசு ஆவணக்காப்பகங்களின் 'அந்தெனாத்தி' இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக உள்ள ஒரு பதிவு என்றாவது எதிர்ப்படும். அதற்கு மேல் தேட வேண்டிய இடம் அன்னுன்ஸியாத்தாவின் பதிவேடுகள். குழந்தை எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன துணியோடு வந்தது என்பதுவரை அங்கே எழுதியிருப்பார்கள். யார் வைத்தார்கள் என்பது மட்டும் இருக்காது.